எலும்பு கூடிடுச்சா? ஸ்கேன் சென்டர் ரேட் கார்டில் எதற்குக் காசு கொடுக்கலாம்

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, உள்ளே ராடு போட்டு வீட்டுக்கு வந்தவருக்கு அடுத்த ஐந்து மாதத்தில் நாலு முறையாவது படம் எடுக்கச் சீட்டு வரும். சீட்டை நீட்டினால் டிஜிட்டல் எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ, 'போன் பேக்கேஜ்' (எலும்புப் பரிசோதனைத் தொகுப்பு), வீட்டுக்கே வந்து எடுக்கும் எக்ஸ்ரே என்று சென்டரின் ரேட் கார்டு நீளும். எலும்பு கூடுகிறதா என்று பார்க்கும் ஒரே வேலைக்கு இவற்றில் எது தேறும், எது தேறாது என்று பார்ப்போம்.

முதலிடம் டிஜிட்டல் எக்ஸ்ரேவுக்குத்தான். இருப்பதில் மலிவும் அதுதான். முன்பக்கமாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படம். இரண்டிலும் முழங்கால் மூட்டும் கணுக்கால் மூட்டும் விழ வேண்டும். கதிர்வீச்சுப் பயம் இதற்குத் தேவையில்லை: கை கால் எக்ஸ்ரே ஒன்றின் அளவு சுமார் 0.001 மில்லிசீவர்ட். சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலே இயற்கையிலிருந்து சில மணி நேரத்தில் அவ்வளவு வந்துவிடும்.

ஆனால் இங்கே வாங்குவது ஒற்றைப் படம் இல்லை. 6-வது வாரப் படத்தை 12-வது வாரப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இத்தனை அலைச்சலும். அதனால் சென்டரை எடைபோட வேண்டியது மெஷினின் பிராண்டை வைத்து அல்ல, போன முறை வைத்த அதே நிலையில் காலை வைக்கிறார்களா என்பதை வைத்து. முன்பக்கப் படத்துக்கு முழங்கால் சில்லு நேராக மேலே பார்க்க வேண்டும். பாதம் வெளியே சாய்ந்தால் மணல் மூட்டையோ துண்டுச் சுருளோ முட்டுக் கொடுக்க வேண்டும். கால் கொஞ்சம் திரும்பினாலும் முறிவுக் கோட்டின் மேல் எலும்பின் இன்னொரு ஓரம் ஏறி நின்று கோட்டை மறைத்துவிடும். கோடு காணவில்லையே, கூடிவிட்டது போல என்று தோன்றும். உண்மையில் கதிர் அந்த இடைவெளி வழியாகப் போகவில்லை, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் இரண்டு பக்கமும் 45 பாகை சாய்த்து இன்னும் இரண்டு படம் எடுப்பது, உடனே சிடிக்கு ஓடுவதைவிட மேல். பழைய படத்தைத் திரையில் திறந்து பார்த்துவிட்டுக் காலை வைக்கும் டெக்னீஷியன் கிடைத்தால் அந்த சென்டரை விடாதீர்கள்.

படத்தில் டாக்டர் தேடுவது காலஸ். முறிந்த இடத்தைச் சுற்றி முதலில் பஞ்சு போல மங்கலாகத் தெரிந்து, பிறகு கெட்டிப்படும் புது எலும்பு அது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 6 வாரத்துக்குள் தலைகாட்டும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். இதை அளக்க ரஸ்ட் என்ற மதிப்பெண் முறை 2010-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. எலும்பின் முன், பின், உள், வெளி என நாலு புறத்துக்கும் தனித்தனி மார்க். காலஸே இல்லாமல் கோடு தெரிந்தால் 1, காலஸ் வந்தும் கோடு தெரிந்தால் 2, காலஸ் பாலம் போட்டுக் கோடு மறைந்தால் 3. குறைந்தது 4, நிறைவு 12. நாலில் மூன்று புறம் பாலம் போட்டிருந்தால் கூடியதாகக் கொள்வது பழைய வழக்கம். கணக்குப் போட்டால் அது குறைந்தது 10. சென்டர் ரிப்போர்ட்டில் இந்த எண் அநேகமாக இருக்காது, 'முறிவுக் கோடு தெரிகிறது' என்று ஒரு வரிதான் இருக்கும். 6-வது வாரத்தில் அந்த வரிக்காக யாரும் கலங்க வேண்டியதில்லை.

எலும்பை அசையவிடாமல் இறுக்கிப் பிளேட் போட்டிருந்தால் கதையே வேறு. அங்கே காலஸ் இல்லாமலேயே எலும்பு நேரடியாகக் கூடும், கோடு மெல்ல மங்கும். இதற்கு ரஸ்ட் பொருந்தாது. ரிப்போர்ட்டில் 'காலஸ் இல்லை' என்று பார்த்துவிட்டு இரவு முழுக்கத் தூங்காதவர்களில் பலர் இந்த வகைதான்.

டிஜிட்டல் படத்துக்கே உரிய வம்பு ஒன்றும் உண்டு. ஓரங்களைக் கூர்மையாக்கும் மென்பொருள், உலோகத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் போட்டுவிடும். ஸ்க்ரூ தளர்ந்தாலும் சுற்றிலும் கறுப்பு வளையம்தான் தெரியும். பிரித்தறிய வழி: எலும்பைத் தாண்டித் தசைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூ முனையையும் பாருங்கள். அங்கேயும் அதே அகலத்தில் வளையம் தொடர்ந்தால் அது மென்பொருளின் வேலை. எலும்புக்குள் மட்டும் இருந்து, படத்துக்குப் படம் அகலமானால் நிஜமான தளர்ச்சியாக இருக்கலாம். ஸ்க்ரூவே உடைந்திருந்தால் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

மாவுக்கட்டோடு எடுக்கும் படம் எலும்பு விலகியிருக்கிறதா என்று பார்க்க மட்டுமே உதவும். மங்கலான காலஸை மாவு மறைத்துவிடும்.

சிடி இரண்டாம் இடம். எக்ஸ்ரேவும் வலியும் ஒன்றுக்கொன்று ஒத்துவராதபோது மட்டும் எடுக்கலாம். மணிக்கட்டில் ஸ்காஃபாய்டு என்ற சின்ன எலும்பு மட்டும் விதிவிலக்கு. அதன் ரத்த ஓட்டம் நுனியிலிருந்து பின்னோக்கிப் போவதால் கூடுவது தாமதமாகும், எக்ஸ்ரேயிலும் அடிக்கடி ஏமாற்றும். அங்கே சிடி கொடுத்த காசுக்கு மதிப்பு. எடுக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: சிடி எலும்பை வெட்டிக் காட்டும் ஒவ்வொரு துண்டுப் படமும் 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லியதா, அந்த எலும்பின் நீளவாக்குக்கே படத்தை மாற்றியமைத்துத் தருவார்களா, உள்ளே உலோகம் இருந்தால் அது படத்தில் உண்டாக்கும் கோடுகளை, அதாவது சிதறலை, குறைக்கும் வசதி உண்டா. ஸ்டீலைவிட டைட்டானியத்தில் சிதறல் குறைவு. ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியில் உலோகம் எது என்று பார்த்து டெக்னீஷியனிடம் சொல்லிவிடுவது நல்லது. கூடாத எலும்பை சிடி தவறவிடுவது அரிது. கூடிய எலும்பைக் கூடவில்லை என்று சொல்லிவிடுவது அவ்வப்போது நடக்கும்.

எம்ஆர்ஐ இந்த வேலைக்கு வேண்டாம். மஜ்ஜையின் நீர்க்கோப்பு மாதக்கணக்கில் தெரிந்து குழப்பும். ஸ்காஃபாய்டுக்கு ரத்தம் போகிறதா, உள்ளே சீழ் இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு மட்டும் அது சரி. அல்ட்ராசவுண்டு எக்ஸ்ரேக்கு முன்பே காலஸைக் காட்டக்கூடியதுதான், ஆனால் எலும்பின் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே போகாது, முழுக்க எடுப்பவரின் கைப்பழக்கம்.

'போன் பேக்கேஜ்'தான் ரேட் கார்டிலேயே வீண் செலவு. அதில் இருப்பது பெரும்பாலும் டெக்ஸா ஸ்கேன். இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பு அடர்த்தியை அளப்பது அது. லேசாக விழுந்ததற்கே முறிந்த 60 வயதுப் பாட்டிக்குத் தேவையான பரிசோதனைதான், மறுக்கவில்லை. ஆனால் காலில் முறிந்த இடம் கூடியதா என்பதற்கு அதில் பதில் கிடையாது.

வீட்டுக்கு வந்து எடுக்கும் எக்ஸ்ரே, படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு வரம். சின்ன மெஷின் என்பதால் திறன் குறைவு, எக்ஸ்போஷர் நேரம் கூடும், அசைந்தால் படம் கலங்கும். மெத்தைமேல் வைத்து எடுத்தால் கால் புதைந்து கோணமும் கெடும். காலுக்குக் கீழே வைக்கும், படம் பதியும் தட்டுக்கு அடியில் பலகை போடச் சொல்லுங்கள். சென்டரானாலும் வீடானாலும் அந்த மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இருக்க வேண்டும். கேட்டால் காட்டத் தயங்குபவரைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

கடைசியாக, கையில் என்ன தருகிறார்கள். ஒரே ஃபிலிமில் இரண்டு படத்தையும் சுருக்கி அச்சடித்துக் கொடுப்பதும், அதை செல்போனில் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது. மங்கலான காலஸ் முதலில் காணாமல் போவது அங்கேதான். குறுந்தட்டிலோ பென்டிரைவிலோ லிங்க்காகவோ, டைகாம் ஃபைலாகவே (மெஷினிலிருந்து வரும் மூல மருத்துவப் பட வடிவம்) கேட்டு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் தேதியோடு முறிந்து எத்தனையாவது வாரம் என்றும் பெயரிட்டு வையுங்கள். வலது இடது குறி படத்திலேயே விழுந்திருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.