வீட்டுக்கடனை மாற்றப் போய் 46,500 ரூபாயை விட்ட கதை

நேற்று சாயங்காலம்தான் விஷயம் முழுசாகப் புரிந்தது. ராத்திரி தூக்கமில்லை. பெங்களூரில் வீட்டுக்கடனை வேறு வங்கிக்கு மாற்ற நினைப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

ராமமூர்த்தி நகர் ஃபிளாட்டுக்கு எங்களுக்கு இன்னும் 31 லட்சம் பாக்கி. வட்டி 9.4 சதவீதம். வேறொரு வங்கி 8.5க்குத் தருவதாகச் சொன்னது. பேப்பர் வேலைக்கு அலைய நேரமில்லாமல், கடன் மாற்றத்துக்கு லீகல் உதவி செய்வதாக விளம்பரம் போடும் ஒரு ஆன்லைன் தளத்தில் நம்பரைக் கொடுத்தேன். பிடித்தது சனி.

மறுநாளே ஆள் வந்தான். கன்னடத்தில் ஆரம்பித்தவன், சுவரில் முருகன் படத்தைப் பார்த்ததும் "அண்ணா, நீங்க தமிழா? எங்களுக்குக் கிருஷ்ணகிரி பக்கம்" என்றான். அம்மா காபி கொடுத்தார். டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு வந்தான், பாவி. பத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, "தாய்ப்பத்திரத்துல ஒரு கையெழுத்து இடிக்குது. பேங்க் வக்கீல் பார்த்தா லோன் ரிஜெக்ட். முன்னாடியே நம்ம வக்கீல் ஒப்பீனியன் வாங்கிடலாம்" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பயத்தில்தான் விழுந்தேன்.

ஒப்பீனியனுக்கு 12,000. வில்லங்கச் சான்று, கத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) எடுக்க 4,500. அடமானப் பதிவுக்கு ஸ்டாம்ப் டியூட்டி என்று 30,000. ஆக 46,500. "ரசீது கேளுங்க" என்றாள் மனைவி. "மெயில்ல வந்துரும் அண்ணி" என்றான். அவன் சொன்ன நம்பருக்கு யுபிஐயில் அனுப்பினேன். கம்பெனிக் கணக்குகூட இல்லை அது.

மூன்று வாரம் கழித்துப் புது வங்கியில் அந்த ஒப்பீனியனைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வங்கியே வைத்திருக்கும் பேனல் வக்கீல் பார்த்தால்தான் செல்லுமாம். அவரும் பார்த்தார். கையெழுத்தில் ஒரு குறையும் இல்லை! அவருடைய கட்டணம் வங்கி கொடுத்த கட்டண விவரத் தாளிலேயே இருந்தது, நான்தான் படிக்கவில்லை. ஸ்டாம்ப் டியூட்டி ஒரு பைசா கட்டியிருக்கவில்லை. வில்லங்கச் சான்று கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி தளத்தில் நாமே எடுக்கக்கூடியது.

போன் செய்தால் முதலில் "டிரைவிங்ல இருக்கேன் அண்ணா". அப்புறம் "ரீஃபண்ட் பிராசஸ்ல இருக்கு, ஏழு வேலை நாள்". அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். தளத்தின் கஸ்டமர் கேரில் ஒரு பெண் இந்தியில், அந்த ஆள் எங்கள் ஊழியரே இல்லை, பார்ட்னர் என்றாள். 46,500 ரூபாய்க்கு யார் பொறுப்பு என்றேன். டிக்கெட் நம்பர் கொடுத்தாள். மறுநாள் டிக்கெட்டே 'தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ்.

விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. வங்கி எந்த வக்கீலை ஏற்கும் என்று முதலில் மேனேஜரிடம் கேளுங்கள். கட்டணத் தாளில் இல்லாத எதற்கும் பணம் கொடுக்காதீர்கள். ஸ்டாம்ப் டியூட்டியைத் தனி ஆள் கையில் கொடுக்கவே கூடாது. கடனை முன்கூட்டியே முடித்தால் பழைய வங்கியில் அபராதம் கேட்பார்கள், பேசி முடிக்க 5,000 ஆகும் என்றும் சொன்னான். தனிநபரின் ஃபுளோட்டிங் (அவ்வப்போது மாறும்) வட்டி வீட்டுக்கடனுக்கு வங்கிகள் அதை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. நல்லவேளை, அது ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது.

யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பிரிண்ட் எடுத்துவிட்டேன். சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்தாயிற்று, இப்போது போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பையன் மறுபடி எப்போ வருவான் என்று காலையில்கூடக் கேட்டார்.