கை தூக்கலா, கொட்டாய்வாரியா, சீட்டுக் குலுக்கலா? பள்ளிக் குழுவுக்கு ஆள் எடுக்கும் வழிகள்

போன தடவை எங்கள் நடுநிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழுவுக்கு (எஸ்.எம்.சி.) ஆள் எடுத்தது 2024 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். எச்.எம். ஒவ்வொரு பேராக வாசித்து, "சம்மதம்னா கை தூக்குங்க" என்பார். தூக்கினோம். இருபது நிமிடத்தில் முடிந்து டீ வந்துவிட்டது. இருளர் குடியிருப்பு சார்பாக ஓர் அம்மாவின் பேரும் பட்டியலில் ஏறியது. அந்த அம்மா அன்றைக்கு அங்கே இல்லை, தக்காளி பறிக்கப் போயிருந்தார். அவர் பேருக்கும் கை தூக்கினோம். நானும்தான்.

பாலக்கோடு பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அந்தக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். இந்த இரண்டு வருடத்தில் எனக்கு அடிக்கடி தோன்றிய கேள்வி, நாங்கள் யாருடைய பிரதிநிதிகள் என்பது. சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009ல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவரவர் விகிதப்படி இடம் என்று அதன் 21வது பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022ல் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது 20 உறுப்பினர்கள். 2024ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். இத்தனை பேர் என்று சட்டமும் அரசும் எண்ணிச் சொல்லிவிட்டன. அவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம்.

அதற்கு முன்னால் பழைய போட்டியாளரைப் பார்த்துவிடலாம். பெற்றோர் ஆசிரியர் கழகம், நம் வாயில் பி.டி.ஏ. மாநில அளவில் 1964லேயே தொடங்கியது. சுற்றுச்சுவர் இடிந்தாலும், கணக்கு வாத்தியார் இடம் காலியாகி மூன்று மாதம் ஆள் வராவிட்டாலும் பி.டி.ஏ. தலைவருக்குத்தான் போன் போகும். அவர் நாலு பேரிடம் பேசி, பணம் திரட்டி, தற்காலிகமாக ஓர் ஆசிரியரைப் போட்டுவிடுவார். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எஸ்.எம்.சி. தீர்மானம் போட்டு ஆறு மாதம் காத்திருந்த வேலையை பி.டி.ஏ. ஒரு வாரத்தில் முடித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தப் பக்கம் நான் பார்த்த பி.டி.ஏ. தலைவர்கள் எல்லோரும் ஒரே அச்சு: மண்டியோ கிரஷரோ வைத்திருப்பவர், கட்சியில் ஏதோ ஒரு பொறுப்பு, வெள்ளை வேட்டி. காசு கொண்டுவருகிறவர் சொல்வதுதான் அங்கே முடிவு. பிரதிநிதித்துவம் என்று பார்த்தால் பி.டி.ஏ. போட்டியிலேயே இல்லை. அதைப் பள்ளிக்கு உதவும் அமைப்பாக வைத்துக்கொண்டு, முடிவெடுக்கும் இடத்தை எஸ்.எம்.சி.க்கு விடுவதே நியாயம்.

சரி, எஸ்.எம்.சி.க்கு ஆள் எடுக்க என்னென்ன வழி? எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டிக் கை தூக்கச் சொல்வது ஒன்று. குடியிருப்புவாரியாக (எங்கள் பக்கப் பேச்சில் கொட்டாய்வாரியாக) பிரித்து எடுப்பது இன்னொன்று. சீட்டுக் குலுக்குவது மூன்றாவது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி ஊர்களின் அமைப்பு தெரிந்தவர்களுக்கு முதல் வழியின் சிக்கல் உடனே புரியும். இங்கே ஊர் என்பது ஒரே கொத்து இல்லை. நடுவில் ஊர், தள்ளி காலனி (அரசு ஆவணங்களிலிருந்து இந்தச் சொல்லை நீக்குவதாக 2025ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள், வாயிலிருந்து இன்னும் போகவில்லை), அப்புறம் காட்டோரம் காட்டோரமாகக் கொட்டாய்கள். நிலத்தில் வீடு கட்டிக்கொண்டு போனவர்கள் ஐந்து வீடு, பத்து வீடு என்று பெருகி, அந்தக் கொட்டாய்க்கு ஒரு பெயரும் வந்து, பிள்ளைகள் இரண்டு கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கு வருவார்கள். கூட்டம் எப்போதும் ஊருக்குள்தான் நடக்கும். யார் வருவார்கள்? பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளியில் 180 பிள்ளைகள். ஊரிலிருந்து 90, காலனியிலிருந்து 40, மேல் கொட்டாயிலிருந்து 30, இருளர் குடியிருப்பிலிருந்து 20. 24ல் முக்கால் பங்கு 18. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெற்றோர். கணக்குப்படி ஊருக்கு 9, காலனிக்கு 4, மேல் கொட்டாய்க்கு 3, இருளர்களுக்கு 2 வர வேண்டும். கை தூக்கி எடுத்தால் ஊருக்கு 13, காலனிக்கு 3, மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்று என்று வந்து நிற்கும். எங்கள் பள்ளியில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

எண்ணிக்கையை விடுங்கள், அதைவிடப் பெரிய கோளாறு வேறு இருக்கிறது. காலனியிலிருந்து வரும் அந்த 3 பேரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? வந்திருக்கும் கூட்டம் மொத்தமும். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் ஊர்க்காரர்கள். ஆக, ஊருக்கு ஒத்துப்போகிற ஆள்தான் காலனியின் பிரதிநிதி. கழிப்பறையைக் கழுவ ஏன் எங்கள் பிள்ளைகளையே அனுப்புகிறீர்கள் என்று போன வருடம் சத்தம் போட்ட அக்கா பட்டியலில் வர மாட்டார். இது புது வாதம் ஒன்றும் இல்லை. 1932ல் பூனா ஒப்பந்தத்தில், ஒடுக்கப்பட்டவர்களின் பிரதிநிதியை அவர்கள் மட்டுமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை கைவிடப்பட்டு, எல்லோரும் சேர்ந்து ஓட்டுப் போடும் கூட்டுத்தொகுதியில் தனி இடங்கள் என்று முடிந்ததே, அன்றைக்கு அம்பேத்கர் எழுப்பிய கேள்வி இதேதான்: இடம் எங்களுக்கு, தேர்ந்தெடுக்கும் கை யாருடையது?

அமெரிக்காவிலும் பள்ளி நிர்வாகத்தில் இதே தகராறு உண்டு. அங்கே 'பள்ளி மாவட்டம்' என்று தனியாக ஒரு நிர்வாக அலகே இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அதற்கு ஒரு வாரியத்தை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாவட்டம் மொத்தமும் சேர்ந்து எல்லா உறுப்பினர்களுக்கும் ஓட்டுப் போடுவது ஒரு முறை, பகுதி பகுதியாகப் பிரித்து அந்தந்தப் பகுதிக்காரர்களே தங்கள் ஆளைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு முறை. முதல் முறையில் சிறுபான்மையினரின் ஓட்டு கரைந்துபோகிறது என்று கலிபோர்னியாவில் வழக்குப் போட வழி செய்யும் ஒரு சட்டமே வந்தது. அதற்குப் பிறகு அங்கே பல பள்ளி வாரியங்கள் பகுதிவாரி முறைக்கு மாறின. நம் வேப்பமரத்தடிக் கை தூக்கல் அவர்கள் கைவிட்ட அந்த முதல் முறைதான்.

கொட்டாய்வாரி முறையில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. சேர்க்கைப் பதிவேட்டிலேயே முகவரி இருக்கிறது. எந்தக் குடியிருப்பிலிருந்து எத்தனை பிள்ளை என்று எண்ணி, அதற்கேற்ப இடம் பிரித்து, ஒரு ஆசிரியரும் இல்லம் தேடிக் கல்வி மாதிரி வேலைகளில் பழகிய ஒரு தன்னார்வலரும் அந்தந்தக் குடியிருப்புக்கே சாயங்காலம் போய் ஆள் எடுக்கலாம். சாயங்காலம் என்பது முக்கியம். எங்கள் மாதாந்திரக் கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. நூறு நாள் வேலையில் காலை ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல் ஒரு போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றுவார்கள். இரண்டாவது போட்டோவில் இல்லாவிட்டால் அன்றைய கூலிக்குச் சிக்கல். மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் கூழ் ஆலைக்குப் போகிற அம்மாக்களுக்கு மூன்று மணி என்பது ஷிப்டின் நடு. கூட்டத்துக்கு வராததை 'அக்கறை இல்லை' என்று மினிட்ஸ் நோட்டுக்கு வெளியே பேசிக்கொள்கிறோம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்காரும் அக்கறை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

இதிலும் ஓட்டை உண்டு. கொட்டாய் என்பது பெரும்பாலும் ஒரே வகையறா. அங்கே ஒரு பெரிய குடும்பம் இருந்தால் அந்த வீட்டு மருமகள்தான் உறுப்பினர், கையெழுத்து அவருடையது, பேச்சு மாமனாருடையது. இன்னொன்று, பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்கும் போய்விட்ட பெற்றோர். பென்னாகரம் பக்கம் பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போனவர்கள் ஏராளம். 'பாதுகாவலர்' என்று சட்டம் தெளிவாகச் சொல்லியிருந்தும், "அம்மா அப்பா யாராவது வரட்டும்" என்று ஆயாவைத் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குக் காலையில் தலை வாரி அனுப்புவது ஆயாதானே? பள்ளியைப் பற்றி ஆயாவுக்குத் தெரிந்தது பெங்களூரில் சென்ட்ரிங் அடிக்கிற அப்பாவுக்குத் தெரியாது.

சீட்டுக் குலுக்கல் என்றதும் எல்லோரும் உத்திரமேரூரைச் சொல்வார்கள். முதலாம் பராந்தகன் காலம், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள், 30 குடும்பு (இன்றைய வார்டு மாதிரி), குடும்புக்கு ஒருவர் என்று குடத்திலிருந்து ஓலை. மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அந்தக் குடத்தில் பேர் போட நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடுவோம். நம் இருளர் அம்மாவின் ஓலை அந்தக் குடத்துக்குள் போயே இருக்காது. ஆனாலும் அதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: முதலில் பகுதி பிரித்தார்கள், அதற்குப் பிறகுதான் குலுக்கினார்கள். ஊர் மொத்தத்துக்கும் ஒரே குலுக்கல் போட்டால் அதிர்ஷ்டத்தில் எல்லா இடமும் ஒரே பக்கம் போகலாம். கொட்டாய் பிரித்து, விருப்பம் சொன்னவர்களின் பேரைப் போட்டு, பள்ளிப் பிள்ளையை விட்டே ஒரு சீட்டு எடுக்கச் சொன்னால் பெரிய வீட்டு மருமகளுக்கும் கூலிக்காரிக்கும் ஒரே வாய்ப்பு. யாரும் யாருக்கும் கடன்படவில்லை. பேசத் தெரியாதவர் வந்துவிட்டால் என்ன செய்வது என்பார்கள். கை தூக்கி எடுத்த 18 பேரில் எத்தனை பேர் வாயைத் திறந்தோம்?

ஆக, நடுத்தர அளவுள்ள கிராமப் பள்ளிக்குக் கொட்டாய்வாரியும் அதற்குள் குலுக்கலும்தான் என் ஓட்டு. இருபது முப்பது பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளியில் இந்த வம்பே வேண்டாம், கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் ஓர் இடம் கிடைத்துவிடும்.

ஓசூர் பக்கம் போனால் இந்தக் கணக்கு எடுபடாது. சிப்காட்டை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் வருடத்துக்கு ஒரு வாடகை வீடு மாறுவார்கள். அங்கே குடியிருப்பைவிட, பிள்ளை ஒன்றாம் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்று பார்த்து வகுப்புக்கு இத்தனை பேர் என எடுப்பது நடக்கிற காரியம், வீடு மாறினாலும் பிள்ளையின் வகுப்பு மாறாது. அதோடு மொழியையும் பார்க்க வேண்டும். வேப்பனப்பள்ளியில் தெலுங்கு, தளியில் கன்னடம், ஊர்களுக்குள் உருது. தமிழில் பேசினால் புரிந்துகொள்கிற அம்மாவுக்கும் 'மேற்படி தீர்மானம் ஏகமனதாக' என்று வாசித்தால் புரியாது (தமிழ் அம்மாவுக்கே புரிவதில்லை, அது தனிக் கதை). வேப்பனப்பள்ளிக்கு அந்தப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனபோது ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு டீச்சர் ஒவ்வொரு தீர்மானத்தையும் தெலுங்கில் இரண்டு வரி சொன்னார். அதுவரை பேசாமல் இருந்த மூன்று பெண்கள் தண்ணீர்த் தொட்டி பற்றி ஒரே நேரத்தில் ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குச் செலவு எதுவும் ஆகவில்லை.

மலைப்பக்கத்து உண்டு உறைவிடப் பள்ளிகளில் எந்த முறையும் சரிவராது. சித்தேரி மலைக்குள் இருக்கும் பெற்றோரை மாதாமாதம் கூட்டத்துக்கு வா என்றால் நடக்குமா? விடுமுறை முடிந்து பிள்ளையைக் கொண்டுவந்து விடும் நாளில் கூட்டத்தை வைத்தால் ஆள் இருக்கும்.

இத்தனையும் பள்ளி வாசலுக்குள் நடக்கிற கதை. வாசலைத் தாண்டினால் பெற்றோருக்கு இடமே இல்லை. முதன்மைக் கல்வி அலுவலர் மட்டத்தில் எந்த ஆசிரியரை எங்கே மாற்றுப்பணிக்கு அனுப்புவது, எந்தப் பள்ளிக்குக் கட்டடம் என்று முடிவாகிறபோது அங்கே அமர்ந்து பேசும் பெற்றோர் யாரும் கிடையாது. நம் கையில் இருப்பவை இரண்டோ மூன்றோ. குழுத் தீர்மானத்தை ஆப்பில் ஏற்றலாம். பதிவு நிற்கும், பதில் எப்போது வரும் என்பது வேறு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம்; இதில் வேகம் அதிகம், ஆனால் பஸ் ஏறி வந்து வரிசையில் நிற்க முடிந்தவரின் குறைதான் குறை. கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை. பள்ளிக்கூடம் பொருள்பட்டியலில் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் பிறகு வரும். அதுவும் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். எஸ்.எம்.சி.யில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கென்று இருந்த நாற்காலியில் எங்கள் கூட்டங்களில் யாரும் உட்காரவில்லை. 2006ல் வந்த, பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய தமிழ் கற்றல் சட்டத்தால் பத்தாம் வகுப்புத் தேர்வில் சிக்கல் என்று தெலுங்கு, கன்னட, உருது வழிப் பிள்ளைகளின் தரப்பு கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

அரசு உதவி பெறும் பள்ளிகளில் நிலைமை இன்னும் மெலிவு. 2012ல் வந்த திருத்தத்தின்படி அங்கே குழு ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவே பொருந்தாது. ஃபீஸ் கட்டும் பெற்றோருக்கு அங்கே வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதிலும் 'அட்மின் மட்டும்' என்று பூட்டியிருப்பார்கள்.

அடுத்த முறை கூட்டம் கூட்டும்போது கொட்டாய்வாரிக் கணக்கை வைக்கலாம் என்று எச்.எம்.மிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "எழுதிக் குடுங்க சார், பார்க்கலாம்" என்றார். எழுதிக்கொண்டு இருக்கிறேன். ஊருக்கு 13 இருந்த இடத்தில் 9 ஆகும். நாலு பேர் வெளியே போக வேண்டும். இதை எப்படியோ கேள்விப்பட்ட பக்கத்து வீட்டு அண்ணன் நேற்று திண்ணையில் உட்கார்ந்து, "அந்த நாலுல முதல் ஆள் நீதானே தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.