சைலெல்லா நோய் அடிச்ச ஆலிவ் தோட்டத்துல என்ன ரகம் நடலாம்: லெச்சினோவா ஃபவொலோசாவா?

இத்தாலி மேப்ல குதிகால் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும்ல, அதான் சாலெந்தோ. 2013ல அங்க கல்லிப்போலி பக்கம் ஆலிவ் மரமெல்லாம் நுனியில இருந்து காயுதேன்னு டெஸ்ட் பண்ணா சைலெல்லா பாக்டீரியா. கோஸ்டாரிகாவுல இருந்து வந்த அலங்காரக் காபிச் செடியோட வந்திருக்கும்னுதான் ஆராய்ச்சியாளருங்க சொல்றாங்க. இது மரத்துக்குள்ள தண்ணி ஏறுற குழாய்லயே குடியேறி அடைச்சிடும், நீங்க எவ்வளவு தண்ணி விட்டாலும் மேல போகாது, இலை ஓரம் கருகி கிளை கிளையா காஞ்சு மரமே போயிடும். குணமாக்குற மருந்து இன்னும் இல்ல. அந்த ஊர் ரகங்களான ஒல்யரோலா, செல்லீனா ரெண்டுமே தாங்கல, லட்சக்கணக்குல போச்சு, அதுல நூத்துக்கணக்கான வருஷ மரங்களும் சேத்தி.

மறுபடி நடலாம்னு வந்தப்போ முதல்ல அனுமதி கிடைச்சது லெச்சினோ, ஃபவொலோசா ரெண்டே ரகத்துக்குத்தான்.

லெச்சினோ டஸ்கனி பக்கத்துப் பழைய ரகம், குளிர் தாங்கும், நாத்துப் பண்ணைகள்ல சுலபமா கிடைக்கும், பழகின ரகம்ங்கிறதால யாரும் பயப்பட வேணாம். ஆனா இதுக்கு நோயே வராதுன்னு நெனச்சுடாதீங்க, பாக்டீரியா உள்ள போகும், ஒல்யரோலால இருக்குறதுல கிட்டத்தட்ட நூத்துல ஒரு பங்குதான் இருக்கும், அதனால மரம் சமாளிச்சுக்குது, அவ்ளோதான். இன்னொரு தொல்லை, தன் மகரந்தத்துல சரியா காய்க்காது, பக்கத்துல ஒத்துப்போற வேற ரகம் வேணும். எண்ணெயும் சாதுவா இருக்கும், காரம் கசப்பு தேடுறவங்களுக்குப் பிடிக்காது.

ஃபவொலோசா, அதாவது எஃப்எஸ்-17, ஃப்ரான்டோயோ ரகத்துல இருந்து இத்தாலி அரசு ஆராய்ச்சி அமைப்பு தேர்ந்தெடுத்து எடுத்தது. சீக்கிரமே காய்க்க ஆரம்பிக்கும், மரம் ரொம்ப பெருசாகாது, நெருக்கி நட்டு மெஷின்ல அறுவடை பண்ணலாம், எண்ணெயும் நல்ல மணமா காரமா வரும். வருமானமே இல்லாம வருஷக்கணக்கா உக்காந்திருக்கிற விவசாயிக்கு அந்த "சீக்கிரம்"தான் பெரிய விஷயம். ஆனா நெருக்கி நட்டா சொட்டுநீர் வேணும், நட்ட செலவு திரும்ப வரணும், மழைய மட்டும் நம்புற சின்ன தோட்டத்துக்கு இது சரிப்படாதுன்னுதான் எனக்குப் படுது.

என் ஓட்டு? தண்ணி இருந்தா ஃபவொலோசா, இல்லன்னா லெச்சினோ, முடிஞ்சா ரெண்டையும் கலந்து. மொத்த ஊரும் ஒரே ரகத்தை நட்டா நாளைக்கு வேற நோய் வந்து எல்லாத்தையும் ஒண்ணா தூக்கிடும், ஏற்கனவே பட்டது போதாதா?

பழைய மரத்தை வெட்ட மனசு வராம சிலர் அதுமேல லெச்சினோ ஒட்டு கட்டுறாங்க. சில இடத்துல பிழைச்சிருக்கு, ஆனா அடிமரத்துல நோய் இருக்கத்தான் செய்யும், நூறு வருஷ மரம் நாலஞ்சு இருந்தா முயற்சி பண்ணுங்க, முழு தோட்டத்தையும் அதுல பந்தயம் வைக்காதீங்க. துத்தநாகம், தாமிரம், சிட்ரிக் அமிலம் கலந்த ஸ்ப்ரேயும் இருக்கு, அறிகுறி குறையும், பாக்டீரியா முழுசா போகாது, வருஷா வருஷம் அடிச்சிட்டே இருக்கணும்.

எதை நட்டாலும் வசந்த காலத்துல புல்லை அறுக்கணும் இல்ல உழுதுடணும். நோயைப் பரப்புற பூச்சியோட குஞ்சு அந்தப் புல்லுலதான் நுரைக்குள்ள இருக்கும், சிறகு முளைச்சு மரத்துக்கு ஏறிடுச்சுன்னா அப்புறம் பிடிக்குறது கஷ்டம்.