சமையலறை அலமாரித் தட்டு: ரீப்பரா, பின்னா?

சமையலறைக்கு பிளைவுட் அலமாரி செய்தபோது, தட்டுகளை எதன்மேல் உட்காரவைப்பது என்பதில்தான் ஆசாரிக்கும் எனக்கும் இழுபறி. அவர் சொன்னது ரீப்பர்: பக்கப் பலகையில் முக்கால் அங்குலக் கட்டையை ஃபெவிகால் தடவி ஆணியடித்து, அதன்மேல் தட்டையும் அடித்துவிடுவது. நான் கேட்டது 5 மி.மீ. துளையில் செருகும் உலோக ஷெல்ஃப் பின்.

செலவு இரண்டிலும் அற்பம். பலத்தில் ரீப்பர்தான் முந்தும். சுவர்ப் பக்கமும் ஒரு கட்டை ஓடுவதால் தட்டை மூன்று பக்கம் தாங்கும். பின்னில் இரண்டு முனை மட்டும்தான். நீளம் இரட்டித்தால் அதே எடைக்குத் தொய்வு எட்டு மடங்கு. அதனால் 18 மி.மீ. தட்டை இரண்டடிக்குமேல் நீட்டவில்லை. கிரைண்டர் வைக்கும் அடித்தட்டு மட்டும் ரீப்பரில்.

மற்றதெல்லாம் பின்தான். காரணம், கரப்பான் பூச்சி. ரீப்பரை எவ்வளவு இறுக்கி அடித்தாலும் எங்காவது ஒரு கீற்று இடைவெளி இருந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கும் சிந்திய மாவும் அங்கே போய் அடையும். கட்டையின் அடிமூலையில் கரப்பான் கரும்பழுப்பு முட்டைக்கூட்டை ஒட்டிவைத்துவிட்டுப் போகும். துணி நுழையாது, டார்ச் அடித்துக் குனிந்தால்தான் தெரியும். பின் என்றால் தட்டை அப்படியே தூக்கி வெளியே வைத்துத் துடைக்கலாம். உள்ளே மிஞ்சுவது மொழுமொழுவென்ற மைக்காதான், ஒரே இழுப்பில் துடைத்துவிடலாம். உயரத்தை மாற்றலாம் என்பது உபரி லாபம். அதைச் செய்கிறவர்கள் குறைவு.

தொழிற்சாலை அலமாரியில் 32 மி.மீ.க்கு ஒரு துளையாக வரிசையே இருக்கும். அது வேண்டாம். காலித் துளை குட்டிக் கரப்பானுக்கு வாடகையில்லா வீடு. ஒரு தட்டுக்கு மூன்று உயரம் போதும். துளைகளை அளந்து அளந்து போடாதீர்கள். ஒரு பட்டியில் துளையிட்டு, அதே முனையைக் கீழே வைத்து நான்கு மூலைக்கும் அதையே பிடியுங்கள். ஒன்று 2 மி.மீ. தவறினாலும் தட்டு ஆடும். டிரில் பிட்டில் பட்டியின் கனம் போக 10 மி.மீ. உயரத்தில் டேப் சுற்றிக்கொண்டால் பலகை மறுபக்கம் பொத்துக்கொள்ளாது.

இதெல்லாம் பிளைவுட்டுக்கு. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டில் ஈரம் ஏறி உப்பினால் துளை தளர்ந்துவிடும். துளைக்குள் உலோக உறை போட்டால் தாங்கும் என்கிறார்கள். நான் போட்டுப் பார்த்ததில்லை, அதனால் அங்கே ரீப்பரே என்பேன்.