முதல் கிட்டாருக்கு டெலியா, ஸ்ட்ராட்டா?

உதிரிபாகங்களை வாங்கி எலெக்ட்ரிக் கிட்டார் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் ஃபெண்டர் நிறுவன மாடல்களான டெலிகாஸ்டர் (டெலி), ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட்) இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்பார்கள். காரணம் எளிது: இரண்டிலும் கழுத்தை 4 திருகுகளில் முடுக்கிவிடலாம், பசை வேலை இல்லை. ஸ்கேல் நீளமும் (கம்பி அதிரும் நீளம்) ஒன்றே, 25.5 அங்குலம்.

ஆனால் கழுத்தின் அடி டெலிக்குச் சதுரம், ஸ்ட்ராட்டுக்கு வளைவு. ஸ்ட்ராட் கழுத்தை டெலி உடலில் வைத்தால் மூலையில் இடைவெளி தெரியும். டெலி கழுத்து ஸ்ட்ராட்டில் உட்காரவே உட்காராது. ஆர்டர் போடும்முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெலியில் 2 பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்), அவற்றில் எது ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க 3 நிலை சுவிட்ச், அசையாத பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்). அவ்வளவுதான்.

ஸ்ட்ராட்டில் 3 பிக்கப், 5 நிலை சுவிட்ச். ஒயரிங் முடித்த பிக்கார்டே (பிக்கப்புகளைப் பொருத்தும் முகப்புத் தகடு) கடையில் கிடைப்பதால் அது பெரிய தலைவலி இல்லை. தலைவலி ட்ரெமோலோதான், அதாவது கைப்பிடியால் ஆட்டிச் சுருதியை அசைக்கும் பிரிட்ஜ். பின்புறக் குழியில் ஸ்பிரிங்குகள் ஒரு பக்கம் இழுக்க, கம்பிகள் மறுபக்கம் இழுக்கும். ஸ்பிரிங் பிடித்திருக்கும் திருகைக் கால் சுற்று முடுக்கினால் 6 கம்பியும் சுருதி மாறும். மறுபடி ட்யூன் செய்து, பிரிட்ஜ் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று பார்த்து, அப்புறம் இன்னொரு கால் சுற்று.

ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் 'பிளாக்கி' என்ற கிட்டார் 3 ஸ்ட்ராட்டுகளின் பாகங்களில் உருவானது. 2004 ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. ஆசை அந்தப் பக்கம் இழுக்கத்தான் செய்யும். இருந்தாலும் முதல் கிட்டாருக்கு என் ஓட்டு டெலிக்கே. ஸ்ட்ராட்தான் வேண்டுமென்றால், ட்ரெமோலோ இல்லாத ஹார்ட்டெயில் உடலைக் கேட்டு வாங்குங்கள்.