கல்சியத் தண்ணியும் சோழகப் புழுதியும்: தலைமயிருக்கு நான் பாவிச்சதுகளும் விட்டதுகளும்

கிளிநொச்சிப் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு முதல்லயே ஒண்டு சொல்லுறன், ஷாம்புவ மாத்த முதல் தண்ணியப் பாருங்கோ. எங்கட வீட்டுக் குழாய்க்கிணத்துத் தண்ணியக் கொதிக்க வைச்சா கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படை கட்டும், கரண்டியால சுரண்டினா செதில் செதிலாக் கழண்டு வரும், அந்தத் தண்ணியிலதான் தலையும் தோயிறம். கல்சியமும் மக்னீசியமும் கூடின தண்ணி. சவுக்காரம் போட்டா நுரைக்காது, பிசுக்கா ஒரு படலம்தான் மயிரில ஒட்டும். ஷாம்பு நுரைக்கும்தான், ஆனா அந்தக் கல்சியம் மயிரில படியிறது நிக்காது, காஞ்சாப்பிறகு பாத்தா தும்புத்தடி மாதிரி நட்டுக்கொண்டு நிக்கும். கொழும்பில படிக்கேக்க அதே ஷாம்புதான் போட்டனான், அங்க மயிர் வழுக்கிக்கொண்டு கிடந்தது, இஞ்ச வந்தாப்பிறகுதான் இந்தக் கூத்து.

இதுக்கு எனக்குச் சரிவந்தது தேசிக்காய். சில வருசமா இதுதான் பாவிக்கிறன், இன்னும் விடேல்ல. தலை தோஞ்சு முடிய, ஒரு சின்ன வாளித் தண்ணியில பாதித் தேசிக்காயப் பிழிஞ்சு, விதை விழாமப் பிழியுங்கோ இல்லாட்டி பிறகு சீப்பில அதப் பொறுக்கிறதே வேலை, மயிரின்ர நுனி வரைக்கும் ஊத்தி ஒரு நிமிசம் விட்டிட்டுத் திரும்பவும் தண்ணி ஊத்தி அலசோணும். புளிப்பு அந்தப் படைய இளக்கும். அந்தக் காலத்து ஆக்கள் முழுகேக்க தேசிக்காய் தேய்ச்சது சும்மா இல்ல. ஆனா நேர மண்டையில தேய்க்காதேங்கோ, எரியும். அலசாம வெயிலுக்கப் போகவும் வேண்டாம், தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில வெயில் பட்டா கறுத்துப்போகும், சில பேருக்குக் கொப்பளமே போடும், நெத்தியிலயும் காதுக்குப் பின்னாலயும் கவனம். நான் பின்னேரத்திலதான் தோயிறனான்.

வெயில் எண்டாலும் எங்களுக்கு ஒரே வெயில் இல்ல. சித்திரை வருசம் பிறக்கிற நேரம் சூரியன் நேர உச்சியில நிக்கும், காத்தில்ல, புழுக்கம், பின்னேரம் இடி முழங்கும் ஆனா மழை வாறது சந்தேகம். அந்த நேரம் மயிர் காத்தில இருக்கிற ஈரத்த இழுத்து உப்பும், எவ்வளவு சீவினாலும் நெத்தியில பூஞ்சு பூஞ்சா நிக்கும். வைகாசிக்குப் பிறகு சோழகம் துவங்கினா கதை வேற, வறண்ட காத்து, கிறவல் ரோட்டுப் புழுதி, பத்தாக்குறைக்கு சிறுபோக நெல்லு வெட்டுற மெசின் ஓடுற நேரம் சுணைத் தூசு. ஓகஸ்ட் கடைசியில சூரியன் திரும்பவும் உச்சிக்கு வரும். புழுக்கத்துக்கு அடிக்கடி தோயோணும், புழுதிக்கு மூடிக்கட்டோணும். ரெண்டுக்கும் ஒரே வைத்தியம் சொல்லுற வீடியோக்கள நான் இப்ப பாக்கிறதே இல்ல.

எண்ணெய் விசயத்தில எங்கட வீட்டில இண்டைக்கும் சண்டைதான். அம்மம்மா விடிய எழும்பினதும் "பிள்ளை, தலை காஞ்சு கிடக்கு, ஒரு சொட்டு எண்ணெய் வைச்சிட்டுப் போவன்" எண்டுவா. "வேண்டாமணை, ஹெல்மெற்றுக்குள்ள அவியும்" எண்டு சொன்னா, "எங்கட காலத்தில ஹெல்மெற்றோ போட்டனாங்கள்" எண்டு துவங்குவா. அவ சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு, தேங்காயெண்ணெய் மயிருக்குள்ள இறங்கும், தோய முதல் வைச்சா கழுவேக்க மயிரின்ர புரதம் கழண்டு போறது குறையும். அதால நான் தோயிறதுக்கு ஒரு மணித்தியாலம் முதல் நடுவில இருந்து நுனிக்கு மட்டும் பூசிறன், தோஞ்சாப்பிறகு எண்ணெயே இல்ல. எண்ணெயத் தலையில வைச்சுக்கொண்டு பரந்தன் ரோட்டால ஸ்கூட்டியில போய்ப் பாருங்கோ, அரைவாசிப் புழுதி உங்கட தலையிலதான் வந்து நிக்கும்.

சொடுகு இருக்கிற ஆக்கள் மண்டையில எண்ணெய் வைக்கவே வேண்டாம். சொடுகு வறட்சியால வருதெண்டுதான் எல்லாரும் நினைக்கினம், உண்மையில மண்டைத் தோலில இருக்கிற ஒரு பங்கஸ் அந்த எண்ணெயத் திண்டுதான் பெருகுது, வேர்வையும் சூடும் சேர்ந்தா இன்னும் வசதி. எனக்கு வேப்பிலை, வெந்தயம் ஒண்டும் கேக்கேல்ல. கீட்டோகொனசோல் 2 வீத ஷாம்பு பாமசியில வாங்கி, கிழமைக்கு ரெண்டு தரம், நுரைய அஞ்சு நிமிசம் தலையில விட்டுக் கழுவினன், அதுக்குத்தான் அடங்கிச்சு. போட்ட உடன கழுவினா காசுதான் தண்ணியில போகும். திரும்பவும் வரும், வந்தாத் திரும்பவும் போடுறன், அவ்வளவுதான்.

ஈரத்தோட பின்னிறது இன்னொரு நாசம். வேலைக்குப் போற அவதியில பின்னி ஹெல்மெற்றும் போட்டா மத்தியானம் அவிழ்க்கேக்க ஊத்தை மணம் மணக்கும். பழைய பருத்தி ரீசேட்டால ஒத்தி எடுத்து, காய விட்டு, தொளதொளெண்டு பின்னுங்கோ. ஹெல்மெற்றுக்குள்ள ஒரு மெல்லிய பருத்தித் துணியக் கட்டி அதத் தினமும் தோய்ச்சுப் போடுங்கோ, ஹெல்மெற்றின்ர உள் பஞ்சு கழட்டலாமெண்டா அதையும்.

மத்ததுகள் சுருக்கமா. சீயாக்காய் நல்லம், ஆனா தூள் தலைக்குள்ள நிக்கும், லீவு நாளுக்குத்தான் சரி. செவ்வரத்தம் இலைய அரைச்சுப் போட்டா மயிர் வழுவழுக்கும், வடிச்சுப் போடாட்டி இலைத் துண்டு பொறுக்கியே பொழுது போயிடும். அரிசி கழுவின தண்ணிய ஊற வைச்சு ஊத்தச் சொன்னவை, மணம்தான் மிச்சம்.

மாரி துவங்கினா எனக்கு இந்தத் தேசிக்காய் வேலையெல்லாம் இல்ல. முதல் மழை கூரைத் தூசக் கழுவிப் போகட்டுமெண்டு விட்டிட்டு, அடுத்த மழைக்குப் பீலிக்குக் கீழ பரல் வைக்கிறம். மழைத்தண்ணியில கல்சியம் இல்ல, பாதி ஷாம்பு காணும். பரல மட்டும் இறுக்கி மூடுங்கோ, நுளம்பு முட்டை போட்டிடும். டெங்கு வந்த தங்கச்சிக்கு ரெண்டு மூண்டு மாசம் கழிச்சு மயிர் பிடி பிடியாக் கொட்டிச்சு, ஷாம்பு பிழையெண்டு அவள் கடை கடையா ஏறி இறங்கினவள். பெரிய காய்ச்சலுக்குப் பிறகு அப்பிடித்தான் கொட்டும், எண்ணெய மாத்தி அத நிப்பாட்டேலாது, அனேகமா ஆறு மாசத்துக்குள்ள தானா அடங்கும். அடங்காட்டி இரும்புச்சத்தும் தைரொயிட்டும் இரத்தத்தில பாக்கோணுமோ எண்டு டொக்டரிட்டக் கேளுங்கோ.