லாசிக்குக்கு முன்னால் கண் வறட்சிக்குச் சிகிச்சை: என் நீண்டகால அனுபவம்

கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று லாசிக் என்ற லேசர் கண் ஆபரேஷனுக்கான பரிசோதனைக்குப் போகிற பலருக்கு, கண் வறண்டிருப்பது அங்கேதான் முதல்முறையாகத் தெரியவருகிறது. எனக்கும் அப்படித்தான். சென்னை ஓ.எம்.ஆரில் வேலை, பகல் முழுக்க ஏசி, எதிரே மானிட்டர், கண்ணில் கான்டாக்ட் லென்ஸ். சாயங்காலமானால் எழுத்து மங்கும், இமைத்தால் தெளியும். இப்படி இமைத்ததும் தெளிவதே வறட்சிக்கு நல்ல அடையாளம் என்றார் டாக்டர்.

இரண்டு பரிசோதனைகள் செய்தார்கள். கீழிமையில் ஒரு காகிதப் பட்டையைச் செருகி, 5 நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பது ஷிர்மர் டெஸ்ட். அதில் எனக்குக் குறையில்லை. அப்புறம் கண்ணில் சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் கண்ணீர்ப் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று எண்ணினார்கள். 10 விநாடிக்குக் கீழே போனால் அது குறைவு. எனக்குச் சட்டென்று உடைந்தது. கண்ணீர் போதுமான அளவு சுரக்கிறது, ஆனால் அது ஆவியாகாமல் காக்கும் எண்ணெய் இல்லை. இமை விளிம்பில் இருக்கும் மைபோமியன் சுரப்பிகள் அடைத்திருந்தன. வெளியே வியர்வை கொட்டும் சென்னையிலும் கண் வறளுமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: நாம் பகலெல்லாம் உட்கார்ந்திருப்பது ஏசிக் காற்றில்.

ஆபரேஷனை உடனே செய்ய முடியாது என்பதற்கு டாக்டர் சொன்ன காரணங்கள் எனக்கு முழுக்க நியாயமாகப் பட்டன. லாசிக்கில் கருவிழியின் மேல்பரப்பில் (கார்னியா) மெல்லிய மடல் வெட்டும்போது அங்குள்ள நரம்புகளும் அறுபடுகின்றன. கண்ணீரைச் சுரக்கச் சொல்லித் தகவல் அனுப்புபவை அவைதான். திரும்ப வளரப் பல மாதங்கள் ஆகும். நல்ல கண்ணே அந்தக் காலத்தில் வறளும் என்றால், ஏற்கெனவே வறண்ட கண்ணின் பாடு என்ன? ஸ்மைல் என்ற இன்னொரு லேசர் முறையில் வெட்டு சிறியது, நரம்புச் சேதமும் குறைவு, ஆனால் வறட்சி வரவே வராது என்று சொல்ல முடியாது. இன்னொரு காரணம் அளவுகள். படலம் திட்டுத்திட்டாக இருந்தால் கருவிழியின் வளைவும் பவரும் தப்பாகப் பதிவாகும். லேசர் வேலை செய்வது அந்த எண்களை நம்பித்தான்.

சிகிச்சையில் எனக்கு மிகவும் கைகொடுத்தது வெந்நீர் ஒத்தடம். நனைத்த துணி சீக்கிரம் ஆறிவிடுகிறது, சூடு 40 டிகிரி அளவில் சில நிமிடங்களாவது நின்றால்தான் உறைந்த எண்ணெய் இளகும். அதனால் மைக்ரோவேவில் சுடவைக்கும் கண் மாஸ்க் வாங்கினேன். ஒத்தடம் முடிந்ததும் இமையை விளிம்பு நோக்கி மெதுவாக நீவிவிட வேண்டும். தினமும் செய்வது அலுப்புதான், ஆனாலும் சில வாரங்களில் வித்தியாசம் தெரிந்தது.

சொட்டு மருந்து வாங்கும்போது மெடிக்கலில் பிரிசர்வேட்டிவ் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். அடிக்கடி விடுகிறவர்களுக்குப் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பிரிசர்வேட்டிவ் சேர்ந்த பாட்டில் கண்ணை இன்னும் உறுத்தும். அழற்சியைக் குறைக்கும் 0.05 சதவீத சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்தையும் டாக்டர் எனக்கு எழுதிக்கொடுத்தார். விட்டவுடன் எரியும், பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், பலர் பாதியில் விட்டுவிடுவது இதனால்தான். மீன் எண்ணெய் மாத்திரையை டாக்டர் வலியுறுத்தவில்லை. 2018இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், ஆலிவ் எண்ணெய் மாத்திரையைவிட அது கூடுதல் பலன் தரவில்லை.

அலுவலகத்தில் ஏசிக் காற்று முகத்தில் அடிக்காத இடத்துக்கு மாறினேன், மானிட்டரைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கினேன். பார்வை தாழ்ந்தால் கண் திறப்பு குறைகிறது, ஆவியாவதும் குறைகிறது. பைக்கில் போகும்போது ஹெல்மெட் வைசர் மூடியே இருக்கும்.

லென்ஸை முன்கூட்டியே நிறுத்திவிட்டு மறுபடி அளவெடுத்தபோது, ஒரு கண்ணில் சிலிண்டர் பவர் (கருவிழியின் சீரற்ற வளைவுக்கான பவர்) முதலில் வந்ததைப் போல இல்லை. இன்னொரு நாள் வரவழைத்து எடுத்தபோதும் புதிய அளவே வந்தது. பழைய எண்ணை வைத்து லேசர் ஓடியிருந்தால் என்று நினைத்தாலே பதறுகிறது. அதன் பிறகுதான் தேதி குறித்தோம்.

ஆபரேஷன் முடிந்து முதல் சில மாதங்கள் வறட்சி கூடியது, இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டமும் தெரிந்தது. இரண்டும் மெல்லக் குறைந்தன. இப்போது கண்ணாடி இல்லை, ஒத்தடத்தை மட்டும் விடவில்லை. பருவுக்கு ஐசோட்ரெடினோயின் சாப்பிடுகிறவர்களும், வாய் வறட்சியும் மூட்டுவலியும் சேர்ந்து இருப்பவர்களும் முதல் பரிசோதனையிலேயே அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இவையும் கண் வறட்சியோடு தொடர்புள்ளவை.